முகவரியில் இல்லாதவர்

1

நான் பயின்று, பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த தூத்துக்குடிக் கல்லூரியின் பொருளியல் துறையிலிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றும், தலைப்பு ‘பொதுச் சுகாதாரச் செலவும் பொருளாதார வளர்ச்சியும்’ என்றும் எழுதியிருந்தார்கள். இப்பொருளில் தங்களைவிடத் தகுதியுடையவர் நம் மாவட்டத்தில் இல்லை என்று ஒரு வரியும் இருந்தது. அவ்வரியை இருமுறை படித்தேன். முன்பெல்லாம் அத்தகைய வரியை ஒருமுறை படித்தாலே போதும், ஒரு வாரத்தில் கட்டுரை தயாராகிவிடும்.

கட்டுரைக்குப் பதிலாக இந்தக் குறிப்புகளை அனுப்புகிறேன். அச்சிடுவதும் விடுவதும் ஆசிரியர் குழுவின் விருப்பம். சுருக்கி வெளியிட எண்ணினால் வேண்டாம். அப்படியே திருப்பி அனுப்பிவிடவும்.

2

ஹாலிஃபாக்ஸ், கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம். மனைவி காலமான பின் மகள் வடிவு என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். ஒன்பதாண்டுகள் ஆகின்றன. என் அறை மாடியில் இருக்கிறது. சன்னல் வழியே சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் கிரேன்கள் தெரியும். ஊர் நினைவு வருகிறதா என்று தொலைபேசியில் பலரும் கேட்கிறார்கள். வருவதில்லை. கிரேன் எங்கும் கிரேன்தான்.

பேத்தி நிலாவுக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வந்ததும், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரை, என் மேசையில் அமர்ந்து கணக்குப் போடுவாள். அவள் ஆங்கிலத்தில் கேட்பாள். நான் தமிழில் விடை சொல்வேன். இருவரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்பதாண்டுகளில் இவ்வீட்டில் எனக்கென்று அமைந்த வேலை அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே.

சென்ற இலையுதிர் காலத்தில் எனக்கு இருமல் தொடங்கியது. பிறர் முன்னிலையில் இருமுவது தகாது என்ற வளர்ப்பு எனக்கு. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டேன். கைக்குட்டைகளை நானே துவைத்துக்கொண்டேன். இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போன பிறகுதான் வடிவு கவனித்தாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நெஞ்சுப் படமும் சளிச் சோதனையும் எடுத்தார்கள். மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது. பிற்பகலில் சுகாதாரத் துறைச் செவிலியர் ஒருவர் தம் காரை வாசலில் நிறுத்திவிட்டு, முகக்கவசத்துடன் படியேறி வந்தார். அவர் பெயர் கேத்லீன்.

“மிஸ்டர் ஆறுமுகம்?” என்றார்.

ஆறுமுகம் என் தந்தையார். கடவுச்சீட்டு விதிகளின்படி அவர் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. தூத்துக்குடியில் பலசரக்குக் கடை நடத்தி, திருச்செந்தூரைத் தாண்டி எங்கும் போகாத அந்த மனிதர் இந்நாட்டு அலுவலகக் கோப்புகள் அனைத்திலும் வாழ்கிறார். தொடக்க ஆண்டுகளில் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று திருத்தவில்லை.

எனக்குக் காசநோய் என்றார். தொற்றும் நிலை நீங்கும்வரை அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. சன்னலைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் அவரே வந்து, தம் கண்முன்னே நான் மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பார். மருந்துக்கு விலை இல்லை. என்னால் செலுத்த இயலும் என்று கூறினேன்.

“செலுத்தலாம்தான். ஆனால் வாங்குவதற்கு எங்களிடம் ஆளில்லை” என்றார் கேத்லீன்.

வீட்டார் மூவரையும் சோதித்தார்கள். வடிவுக்கும் மருமகனுக்கும் ஒன்றுமில்லை. நிலாவின் கையில் ஊசி போட்ட இடம் தடித்துச் சிவந்தது. கிருமி அவள் உடலுக்குள் புகுந்திருக்கிறது, இன்னும் நோயாகவில்லை, ஆகாமல் தடுக்கச் சில மாதங்கள் மாத்திரை தர வேண்டும் என்று விளக்கினார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், என் மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டவள் அவள்.

3

இம்மலரைப் படிப்பவர்களில் பலர் என் மாணவர்கள். வகுப்பில் நான் சொல்லிவந்தது அவர்களுக்கு மறந்திருக்காது. சுகாதாரச் செலவு வளர்ச்சியின் கனி, விதை அன்று என்பேன். முதலில் துறைமுகம் வரட்டும், அனல்மின் நிலையம் வரட்டும், கூலி உயரட்டும், கூலி உயர்ந்தவன் தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்வான். விளாத்திகுளத்துக் கரிசலில் சுகாதார நிலையம் கட்டுவதைவிடத் துறைமுகத்துக்குச் சாலை போடுவது மேல் என்று மாவட்டத் திட்டக் கூட்டம் ஒன்றில் நான் பேசியது செய்தித்தாளிலும் வந்தது. அந்த நறுக்கை வடிவு சட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

வகுப்புக்குச் சுவை சேர்க்க முத்துக்குளிப்பை எடுத்துக்காட்டுவேன். வெள்ளையர் காலத்தில் கடற்கரையில் முகாம் கூடும். குளிப்பவர், வணிகர், சிப்பி ஏலம் எடுப்பவர் என ஒரு நகரமே மணலில் எழும். சில முறை வாந்திபேதி வந்துவிடும். வந்தால் முகாம் கலையும், அரசின் வருமானமும் கலையும். அதனால்தான் முகாமுக்கு மருத்துவரை அனுப்பினார்கள். குளிப்பவன்மேல் கருணையால் அன்று என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். அந்தக் கதை என் கொள்கைக்கு நேர் எதிரானது என்று ஒரு மாணவரும் எழுந்து கேட்டதில்லை. கேட்கத் தக்க முகமாக என் முகம் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது.

என்னைத் துறைத் தலைவராக்கியது ஒரு கட்டுரை. மாவட்டக் காசநோய் மருந்தகத்தின் பழைய பதிவேடுகளை அனுமதி பெற்றுப் பார்த்து எழுதியது. அரசு விலையின்றித் தரும் மருந்தைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். அவர்களைத் தேடிச் சென்றால் ‘முகவரியில் இல்லை’ என்ற குறிப்பே மிஞ்சுகிறது. ஆகவே ஒழுங்கற்றவர்களுக்குச் செலவிடும் பணத்துக்குப் பயன் குறைவு, அதைத் தொழிலில் இட்டால் வளர்ச்சி மிகுதி. இதுவே அதன் சாரம். கருத்தரங்கில் கைதட்டினார்கள். பல ஆண்டுகள் தேர்வுத்தாள்களில் என் வாக்கியங்களே எனக்குத் திரும்பி வந்தன. முழு மதிப்பெண் இட்டேன்.

அந்தப் பதிவேட்டில், முகவரியில் இல்லாதவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும்.

4

தந்தையார் இறந்தபின் கடையைத் தம்பி துரைப்பாண்டி பார்த்துக்கொண்டான். நான் கல்லூரியில் இருந்தேன். தாயார் முன்னரே காலமாகிவிட்டதால் வீட்டில் நான், துரை, தங்கை செல்வக்கனி என மூவர். முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் ஒரே அறை. அங்கே நானும் துரையும் உறங்கினோம்.

துரைக்கு வியாபாரம் கைவந்திருந்தது. கருப்பட்டிச் சிப்பத்தை முகர்ந்தே எந்த ஊரில் காய்ச்சியது என்று சொல்வான். உப்பளத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வருபவர்கள் அவனிடம் பேசுவதற்காகவே எங்கள் கடைக்கு வந்தார்கள். அவனுக்கு இருமல் வந்தது. சளியில் இரத்தம் தென்பட்ட நாளில் என்னிடம் சொன்னான்.

அவ்வேளையில் கனிக்கு விளாத்திகுளத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மிளகாய் வற்றல் மண்டி வைத்திருக்கும் குடும்பம். மணப்பெண்ணின் அண்ணனுக்கு இந்த நோய் என்றால் சம்பந்தம் நிற்காது. அரிசி நிறுக்கிறவனுக்கு இந்த நோய் என்றால் கடை நிற்காது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான். என்ன செய்வது என்று என்னைத்தான் கேட்டார்கள்; நான் யாரையும் கேட்கவில்லை.

துரையை அரசு மருந்தகத்துக்கு நானே அழைத்துச் சென்றேன். அட்டையை நானே பூர்த்தி செய்தேன். பெயர்: முத்துச்சாமி. தொழில்: உப்பளக் கூலி. முகவரியாக உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தெருவை எழுதினேன். எனக்கு முத்துச்சாமி என்று எவரையும் தெரியாது. என் கையெழுத்து அழகாக இருக்கும். எழுத்தர் அதைப் பாராட்டினார்.

ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஒன்றரை ஆண்டு விடாமல் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது தசரா நெருங்கியது. துரை ஆண்டுதோறும் குலசேகரன்பட்டினத்துக்கு மாலை போட்டு, வேடம் கட்டி, குழுவுடன் ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கச் செல்பவன். அவ்வாண்டு போகவா என்று என்னிடம் கேட்டான்.

“மாத்திர, ஊசியெல்லாம் என்ன செய்யண்ணே? கூட்டத்தோட கூட்டமாத் திரியும்போது டவுனுக்கு வந்துட்டு வர முடியாதே.”

“போயிட்டு வா,” என்றேன். “நீ காளி வேசம் கட்டி ஆடுறத நாலு பேரு பாக்கணும். விளாத்திகுளத்துக்காரங்க வருவாங்க.”

அவன் சிரித்தான். “நான் ஆடுதத விட, ஆடுதத அவுக பாக்கதுதான் ஒனக்கு முக்கியம்.”

அதை நான் மறுக்கவில்லை. அவன் ஆடினான். சிவப்புச் சேலையும் சடாமுடியும் தகரக் கைகளுமாக, மேளத்துக்கு ஈடு கொடுத்து ஆடினான். விளாத்திகுளத்தார் கூட்டத்தில் நின்று பார்த்தார்கள். நான் அவர்கள் அருகில் நின்றேன். ஐப்பசியில் பூ வைத்தார்கள். தையில் கல்யாணம் நடந்தது.

விட்ட மருந்தைத் தொடரப் போனால் அங்கே திட்டுவார்கள் என்று அவன் கூச்சப்பட்டான். பிறகு போனான், பிறகு விட்டான். இருமல் கூடினால் வாங்குவான், குறைந்தால் நிறுத்துவான். இப்படி இரண்டாண்டு கழிந்தது.

5

மிக்கேல் என்பவர் அந்த மருந்தகத்தின் ஹெல்த் விசிட்டர். மருந்தை விட்டவர்களைச் சைக்கிளில் தேடிச் செல்வது அவர் வேலை. மணப்பாட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், துரை உள்ளே படுத்திருந்தான். கல்லாவில் நான் இருந்தேன். மிக்கேல் சைக்கிளை எங்கள் கடைமுன் நிறுத்தினார். வேறு வாடிக்கையாளர்கள் போகும்வரை பருப்பு மூட்டையைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு மெதுவாகப் பேசினார்.

“சார், உப்பளத்துல முத்துச்சாமின்னு ஒருத்தரத் தேடி ஒரு வாரமா அலையுதேன். அந்தத் தெருவுல அப்படி ஆளே இல்லங்காங்க.”

“அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?”

“ஒண்ணுமில்ல. அவரு சாடையில ஒரு ஆள இந்தக் கடையில பாத்த ஞாபகம். தராசு புடிச்சிக்கிட்டு நின்னாரு.”

“எங்க வீட்டுல அப்படி யாரும் கிடையாது,” என்றேன்.

மிக்கேல் என்னைப் பார்த்தார். கோபமோ ஏளனமோ அந்த முகத்தில் இல்லை.

“சரி சார். அப்படி ஒருத்தர எங்கயாவது பாத்திய்யன்னா சொல்லுங்க. மாத்திரய விட்டு விட்டுத் தின்னா, கிருமி அந்த மாத்திரைக்கே பழகிப் போவும். பொறவு கூட இருக்கவுகளுக்கு ஒட்டுனாலும் பழகுன கிருமிதான் ஒட்டும். அவுகளுக்கும் அந்த மருந்து கேக்காது. இத மட்டும் அவருகிட்ட சொல்லிருங்க.”

அதற்குள் ஓர் அம்மாள் புளி வாங்க வந்தாள். மிக்கேல் குரலை மாற்றி, “அண்ணாச்சி, அரைக் கிலோ கருப்பட்டி போடுங்க” என்றார். நான் நிறுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்க வந்தவர் அல்லர். எங்கள் கடைமுன் அவர் நின்றதற்கு ஒரு காரணம் தெருவுக்குத் தேவைப்பட்டது. அதை அவரே ஏற்படுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கோடைக்குள் துரை இறந்தான். இருபத்தெட்டு வயது. மாரடைப்பு என்று சொன்னோம். நான்காண்டுகளில் கடையை மூடினோம். அங்கே வேலை பார்த்த ஐவரும் எங்கெங்கோ போனார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கட்டுரைக்காகப் பதிவேடுகளைப் புரட்டியபோது முத்துச்சாமியின் வரி கண்ணில் பட்டது. எதிரே ‘முகவரியில் இல்லை’ என்றிருந்தது. அந்த வரியையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டேன். சேர்க்காவிட்டால் கூட்டுத்தொகை பொருந்தாது.

6

வீட்டாரின் சோதனை முடிந்த பின் ஒருநாள் கேத்லீன் ஒரு படிவத்துடன் வந்தார். அறை வாசலில் நாற்காலி போட்டு வடிவும் அமர்ந்திருந்தாள். எனக்கு முன்பு இந்நோய் இருந்ததா? இல்லை. உடன் வாழ்ந்த எவருக்கேனும் இருந்ததா? இல்லை. யாரேனும் மருந்தைப் பாதியில் விட்டதுண்டா? இல்லை.

“எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இது வந்ததில்லை,” என்று வடிவு ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னாள். “அப்பாவின் தம்பி ஒருவர் இளம் வயதில் மாரடைப்பில் இறந்தார். வேறெதுவும் கிடையாது.” அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

கேத்லீன் எழுதிக்கொண்டார். என் சளியிலுள்ள கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனை முடிவு வரப் பல வாரங்களாகும்; அதுவரை எனக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்தே தருகிறார்கள்; குழந்தைக்கு ஒரு மருந்து போதும், அதை வியாழக்கிழமை கொண்டுவருவேன் என்றார். அந்த மருந்தின் பெயரைச் சொன்னார். முத்துச்சாமியின் அட்டையில் இரண்டாண்டுகள் நான் பார்த்த பெயர் அது. அவன் பாதி தின்று பாதி விட்ட மாத்திரை அது.

அன்று திங்கட்கிழமை.

மூன்று நாள் இருந்தன. அந்நாட்களில் நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத வேண்டுமென்றால், எழுதத் தக்கதாக எதுவும் இல்லை. சோறு வந்தது, உண்டேன். கேத்லீன் வந்தார், மாத்திரையை விழுங்கினேன். பனி பெய்தது. குடிவரவு விண்ணப்பத்தில் இதே கேள்விக்கு இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டது நினைவுக்கு வந்தது. பொய்யுரைத்தவனைத் திருப்பி அனுப்ப இந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டா என்று எண்ணினேன். கனி இப்போது விளாத்திகுளத்தில் பேரன் பேத்தி எடுத்தவள். அவள் சபையில் தலைகுனிய வேண்டிவருமே என்று எண்ணினேன். ஒருவேளை என் கிருமி துரையிடமிருந்து வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். தூத்துக்குடியில் எந்தப் பேருந்திலும் தொற்றியிருக்கலாம். இந்தக் கடைசி வாதம் தர்க்கப்படி சரியானது. கருத்தரங்கில் அதை என்னால் நிறுவியிருக்க முடியும்.

புதன்கிழமை மாலை நிலா மூடிய கதவுக்கு வெளியே தரையில் அமர்ந்தாள். கணக்குத்தாளைக் கதவின் அடியில் தள்ளினாள்.

“தாத்தா, இது உங்களிடமிருந்தா எனக்கு வந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஆமாம்,” என்றேன்.

“ஓகே,” என்றாள். “ஏழாவது கணக்கு சரியா?”

“தப்பு. திரும்பப் போடு.”

“தாள் உங்ககிட்ட இருக்கே.” இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

7

வியாழக்கிழமை கேத்லீன் என் மாத்திரைகளை ஒரு சிறு காகிதக் கிண்ணத்தில் தந்தார், விழுங்கினேன். பிறகு பையிலிருந்து மற்றொரு குப்பியை எடுத்தார். அதில் நிலாவின் பெயர் ஒட்டியிருந்தது. வடிவு அதை வாங்கக் கை நீட்டினாள்.

நான் ஆங்கிலத்தில் பேசினேன். தமிழில் அதைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. “என் தம்பி துரைப்பாண்டி இந்நோயால் இறந்தான். இதே மாத்திரையை இரண்டாண்டுகள் விட்டு விட்டு உண்டான். நானும் அவனும் ஒரே அறையில் உறங்கினோம். திங்கட்கிழமை நான் கூறிய விடைகள் பொய்.”

கேத்லீன் குப்பியைப் பைக்குள் வைத்தார். எந்த ஆண்டு, வேறு என்ன மருந்துகள், எத்தனை காலம் என்று கேட்டார். சொன்னேன். மருத்துவருடன் பேச வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார்.

வடிவு நாற்காலியிலேயே இருந்தாள்.

“கனி அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அம்மாவுக்கு?”

“தெரியாது. உங்கம்மா வரும்போது அவன் இல்ல.”

“உங்களுக்கு நெஞ்சுவலின்னு நான் ஒவ்வொரு தடவயும் டாக்டர்கிட்ட சித்தப்பாவச் சொல்லிச் சொல்லி, குடும்பத்துல ஹார்ட் இருக்குன்னு எழுதவெச்சிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

அவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கேத்லீனின் குரல் கேட்டது, சொற்கள் புரியவில்லை.

“இன்னைக்கும் வாய மூடிட்டு இருந்திருப்பீங்களாப்பா? நான் அந்தப் பாட்டில வாங்கியிருந்தா?”

“அது எனக்குத் தெரியல, வடிவு.”

பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதை எதிர்பார்த்தாள் என்றே நினைக்கிறேன். எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். அதன் பின் ஒரு மாதத்துக்கு மேல் என்னிடம் மாத்திரையையும் சாப்பாட்டையும் தவிர வேறெதுவும் பேசவில்லை. என் சட்டையை மட்டும் முன்போலவே இஸ்திரி போட்டு, கதவுக்கு வெளியே வைத்தாள்.

8

நிலாவுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அதைத் தின்றால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். இதைத் தன் வகுப்பு முழுவதற்கும் அறிவித்துவிட்டாள். சில பிள்ளைகள் பொறாமைப்பட்டதாகவும் சொன்னாள். எங்கள் வீட்டில் ஒருவர் இந்நோயைப் பற்றி வெளியே சொன்னது அதுவே முதன்முறை.

ஏழாம் வாரம் ஆய்வக முடிவு வந்தது. என் உடலிலுள்ள கிருமி அந்த முதல் மாத்திரைக்குப் பழகியது. அதைக் கொடுத்திருந்தால் நிலா மாதக்கணக்கில் விழுங்கியிருப்பாள். பாதுகாப்பாக இருக்கிறாள் என்று எல்லோரும் நம்பியிருப்போம். வடிவு தாளைப் படித்துவிட்டு என் மேசைமேல் வைத்தாள். “ம்” என்றாள். மாத்திரை, சாப்பாடு அல்லாத முதல் சொல் அது.

குடிவரவு அலுவலகத்துக்கு நானே உண்மையை எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

நலம் தேறியபின் ஒருநாள் கேத்லீனிடம் ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு எழுபத்தேழு வயது. இந்நாட்டில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை, செய்யப் போவதுமில்லை. என்பொருட்டு வாரத்தில் ஐந்து நாள் ஒரு செவிலியரைப் பனியில் அனுப்பும் அரசு என்ன பயனைக் கருதுகிறது? பொருளியல் படித்தவன் என்ற முறையில் கேட்கிறேன் என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து இரண்டு வீடுகள் இருந்தன போலும். “உங்கள்பொருட்டு மட்டும் என்று யார் சொன்னது? அந்தப் பெண் படிக்க வேண்டும், பிறகு வேலைக்குப் போக வேண்டும். அவள் வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே. விழுங்குங்கள்” என்றார்.

முப்பது ஆண்டுகள் ‘புறவிளைவு’ என்ற தலைப்பில் நான் நடத்திய பாடம் அதுதான். ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

ஆகவே ஆசிரியர் குழு கேட்ட பொருளில் நான் சொல்லக்கூடியது இவ்வளவே. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அதன் எண்கள் பதிவேட்டிலிருந்து பிழையின்றி எடுக்கப்பட்டவை; முடிவு தவறு. மருந்தை விட்டவர்களை ஒழுங்கற்றவர், கல்லாதவர் என்று எழுதினேன். அவர்களுள் ஒருவனுக்குப் பொய் முகவரி கொடுத்தவன் முதுகலைப் பட்டதாரி. செலவுக்குப் பயனில்லை என்று எழுதினேன். அரசு ஊசி கொடுத்தது, மாத்திரை கொடுத்தது, ஒரு மனிதரைச் சைக்கிளில் எங்கள் வாசல்வரை அனுப்பியது. பயன் வாசல்வரை வந்தது. இருபத்தெட்டு வயதில் ஒரு வியாபாரி போனதும், ஒரு கடை மூடியதும், ஐந்து பேர் வேலை இழந்ததும் வளர்ச்சிக் கணக்கில் எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை நான் வெறுமையாக விட்டேன். இக்காலத்தில் அத்துறையில் ஆய்வு செய்பவர்கள் என் கட்டுரையை மேற்கோள் காட்டாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

9

இதை அனுப்புமுன் கனியின் சம்மதம் பெற வேண்டும் என்று நினைத்தேன். இங்கே காலை, விளாத்திகுளத்தில் சாயங்காலம். வடிவு தொலைபேசியை இணைத்துக் கொடுத்துவிட்டு, போகாமல் அருகிலேயே நின்றாள்.

“கனி, துரை விசயத்த எழுதியிருக்கேன். அச்சுல வரும். ஒன் வீட்டுல சங்கடம் வரும்னா சொல்லு, கிழிச்சுப் போட்டுருதேன்.”

“என்ன விசயம்?”

“அவனுக்கு என்ன சீக்குங்கத.”

“டி.பி.தான?” என்றாள். பின்னால் யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னாள்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அப்பவே தெரியும் அண்ணாச்சி. சின்ன அண்ணாச்சி துப்புன சிரட்டைய அள்ளிக்கிட்டுப் போயி, கொல்லையில சாம்பலப் போட்டு மூடுனது யாருன்னு நெனச்சிய? அதுவா போயி மூடிக்கிட்டுன்னா?”

“ஒன் மாமனார் வீட்டுக்கு?”

“கல்யாணமான மறுவாரமே மாமா கேட்டாவ. ‘ஏளா, ஒங்க சின்ன அண்ணனுக்கு மருந்து ஒழுங்காக் குடுக்காவளா? ஆடும்போதே எளைச்சுதான, நான் பாத்தேன்’னு. அவுக கூடப்பொறந்தவுகளுக்கே வந்து, மதுரையில தங்கி மருந்து தின்னு சொகமாச்சாம். கடத்தெருவுலயும் எல்லாருக்கும் தெரியும். அரிசி வாங்க வந்துக்கிட்டுத்தான இருந்தாவ.”

அப்படியானால் தெரியாமல் இருந்தது அந்தப் பதிவேட்டுக்கு மட்டும்தான். நான் நம்பியதும் அந்தப் பதிவேட்டை மட்டும்தான்.

“அப்பம் ஏன் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன். வடிவு என் முகத்தைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“நீங்க காலேஜு வாத்தியாரு. நீங்களே இல்லன்னு சொல்லும்போது, ஒங்ககிட்ட வந்து இருக்குன்னு யாரு சொல்லுவா?”

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொன்னாள். பிறகு இந்த ஆண்டு மழை போதவில்லை, மிளகாய் வாடுகிறது என்றாள். இங்கே பனி என்றேன். எழுதினதை அனுப்புங்க என்றாள். அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

“போடுங்க. எம்பேருக்கு என்ன,” என்றாள்.

போட்டிருக்கிறேன்.